மெய் என்றால் உடலும்தான்

உடலை எழுதலாமா கூடாதா என்று தமிழ்ச் சிற்றிதழ் உலகம் 2000-களின் தொடக்கத்தில் பெரும் சண்டை ஒன்றைப் போட்டது. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002-இல் வெளிவந்ததையொட்டி எழுந்த கூச்சல் வாசகர்களுக்கு மறந்திருக்காது. நம் ஆற்காட்டுப் பக்கத்து லாலாப்பேட்டையைச் சேர்ந்த சுகிர்தராணியும் அந்தக் கண்டனங்களுக்குத் தப்பவில்லை. உடலை எழுதும் உரிமைக்காக அன்று பலர் உறுதியாக நின்றார்கள், நல்லது. ஆனால், சொல்லின் துணையே இல்லாமல் ஒரு பெண் தன் உடலையே பொருளாகக் கொண்டு மேடையில் தனித்து நின்றபோது, அதே வட்டாரத்தில் பெரும்பாலும் மௌனமே நிலவியது. அந்த மௌனத்தோடுதான் நமக்கு வழக்கு.

சென்னையைச் சேர்ந்த பத்மினி செட்டூரின் ‘பியூட்டிஃபுல் திங் 2’ என்ற தனிநடனம் 2011-இல் அரங்கேறியது. பந்தநல்லூர் சுப்பராய பிள்ளையிடம் பரதம் பயின்று, 1991-இல் சந்திரலேகாவின் குழுவில் சேர்ந்து, பின்னர் தனிவழி கண்டவர் பத்மினி. இந்த ஆட்டத்தில் கதை இல்லை. தலைவனுக்காக ஏங்கும் தலைவி இல்லை. முகபாவங்கள் இல்லை. ஓர் உடல் மிக மெதுவாக இடம்பெயர்கிறது. எலும்பும் மூட்டும் தசையும் அந்த வெளியை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதே ஆட்டம். உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதைக்கூட ஒரு நிகழ்ச்சியாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இத்தகைய நடனத்தின்மீது நம் இலக்கிய அன்பர்கள் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டுகள் மூன்று. இது சுயமோகம். இது அந்நியச் சரக்கு. இதனால் உழைக்கும் மக்களுக்கு ஆவதொன்றுமில்லை.

முதலாவதைப் பார்ப்போம். தன் உடலைப் பொருளாகக் கொள்வதும் தன் கதையைச் சொல்வதும் ஒன்றல்ல. பத்மினி தம் வாழ்க்கை வரலாற்றை ஆடிக்காட்டவில்லை; தமக்கு மிக அருகில் உள்ள ஒரு பொருளை ஆராய்கிறார். அதில் எது மோகம்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு தவறாமல் சொல்கிறார் இளங்கோ. மாதவி பயின்ற ஆண்டுகள் ஏழு. பெற்ற பரிசோ ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். பலகைக்குக் கணக்கு உண்டு, பொன்னுக்குக் கணக்கு உண்டு. அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் முழங்கால் எப்படி வலித்தது என்பதற்கு மட்டும் அக்காதையில் ஒரு சொல் இல்லை. ஆடுபவளை நெடுங்காலமாகப் பிறரே அளந்து வந்திருக்கிறார்கள். இன்று அவளே தன்னை அளக்க முன்வந்தால் அதற்குப் பெயர் சுயமோகமா?

இரண்டாவது, அந்நியம் என்பது. 1952-இல் தம் அரங்கேற்றத்தை இராயலசீமை வறட்சி நிதிக்காக ஆடினார் சந்திரலேகா. யமுனையின் நீர்விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, வெடித்துக் கிடக்கும் நிலம் அவர் மனக்கண்ணில் வந்து நின்றது. கை நீரைக் காட்டுகிறது, நாட்டில் நீர் இல்லை. ‘அங்கிகா’வும் (1985) ‘சரீர’வும் (2001) பிறந்ததற்கு அந்த முரணே விதை. இது எந்த ஐரோப்பிய நகரத்திலிருந்தும் இறக்குமதியானதன்று. இன்னும் அருகில் வருவோம். பழைய வட ஆற்காட்டின் புரிசையில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கனத்த கட்டைகளையும் கிரீடத்தையும் சுமந்துகொண்டு வேடக்காரர் சுற்றிச் சுற்றி வரும்போது பாரதக் கதை ஓர் அடிகூட நகர்வதில்லை. ஆனாலும் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது சனம். கதை நின்ற இடத்தில் உடலைப் பார்க்க நம் மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் விமர்சகர்களுக்குத்தான் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது குற்றச்சாட்டு கனமானது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க ஒரே தையலைப் போடும் பெண்ணுக்கு இந்த ஆட்டத்தால் என்ன பயன்? நேரடியாக ஒன்றுமில்லைதான். இத்தகைய ஆட்டங்கள் பெருநகர அரங்குகளைத் தாண்டி நம் ஊர்களுக்கு வருவது அரிது என்பதும் உண்மை. மேடையில் இருப்பவர் மெதுவாக அசைவதைத் தாமே தேர்ந்துகொண்டவர். தையல் எந்திரத்தின் முன் இருப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. இந்த வேறுபாட்டை மழுப்பக்கூடாது.

ஆனால் கேள்வி பார்ப்பவரைப் பற்றியது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் நமக்கு ஓர் எண்ணாகவே எஞ்சினார்கள். தோலின் தரத்தை விரல் நுனியால் தடவி வகைபிரிக்கும் கைகள் நம்மைச் சுற்றி ஆயிரக்கணக்கில் உண்டு. தோள்பட்டை இறுகிப்போன பெண்கள் மாலையில் நம்மோடு ஒரே பேருந்தில் ஏறுகிறார்கள். அவர்களைப் பற்றிக் கூலியாகவும் ஏற்றுமதியாகவும் மாசாகவும் எழுதியிருக்கிறோம். உடலாக எழுதியது குறைவு. ஓர் அசைவை முழுக் கவனத்தோடு நெடுநேரம் பார்க்கப் பழகிய கண், அந்தத் தோள்பட்டையையும் பார்க்கும். பழகாத கண்ணுக்கு அங்கே ஆளே தெரியாது.

ஆகவே இதழாசிரியர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். புனைகதைக்கும் திரைப்படத்திற்கும் தரும் பக்கங்களில் சிலவற்றை நடனத்திற்குத் தாருங்கள். கதைச் சுருக்கம் எழுதுகிறவரை அனுப்பாதீர்கள். கால் எங்கே ஊன்றியது, மூச்சு எங்கே நின்றது என்று பார்த்து எழுதக்கூடியவரை அனுப்புங்கள். அதற்கான கலைச்சொற்கள் தமிழில் இல்லை என்று சாக்குச் சொல்லவேண்டாம். உணர்வு உடலில் வெளிப்படுவதை ஆராய மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வகுத்தது தொல்காப்பியம். உடலுக்கும் உண்மைக்கும் ‘மெய்’ என்று ஒரே பெயரிட்ட மொழி இது. அந்தச் சொல்லின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இலக்கியம் பேசப்போகிறோம்?