குளிர்காலத்திலும் செடிக்குத் தாகம் எடுக்கும்!

மே மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் டென்வர் நகரத்து நர்சரிகள் களைகட்டிவிடும். மாதக்கணக்கில் பழுப்பேறிக் கிடந்த தோட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், கண்ணில் பட்ட பூச்செடிகளையெல்லாம் அள்ளி காரில் ஏற்றுவார்கள். அசேலியா, ரோடோடென்ட்ரான், நீலப் பூ பூக்கும் ஹைட்ரேஞ்சியா... படத்தில் பார்த்த தோட்டம் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்ற ஆசைதான் காரணம்.

அடுத்த மே மாதம் அந்த இடத்தில் சுள்ளிதான் மிஞ்சியிருக்கும். "பாழாய்ப்போன பனி கொன்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டு மறுபடி நர்சரிக்குக் கிளம்புவார்கள். பல வீடுகளில் பனி மீது வீண் பழி. செடி செத்தது தாகத்தால்!

ஜனவரியில், கொட்டும் பனியில் தாகமா?

டென்வர் இருப்பது ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்துக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போதே தன்னிடம் இருக்கும் ஈரத்தில் பெரும்பங்கைக் கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கி வரும் காற்றில் மிச்சம் சொற்பம்தான். மழையையும், பனியை உருக்கிக் கிடைக்கும் நீரையும் சேர்த்து அளந்தாலும் ஆண்டுக்கு 15 அங்குலம் தேறுவதே பெரிது.

போதாக்குறைக்கு, குளிர்காலத்தின் நடுவே திடீரென்று வெயில் சுள்ளென்று அடிக்கும். மலையிலிருந்து 'சினூக்' என்ற வறண்ட வெப்பக்காற்று இறங்கும். அப்போது பசுமை மாறாத புதர்ச்செடியின் இலைகளிலிருந்து நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். கீழே மண்ணோ உறைந்தோ, காய்ந்தோ கிடக்கும். வேரால் தண்ணீரை எடுக்க முடியாது. வரவு நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் ஓடினால் என்ன ஆகுமோ, அதுதான் செடிக்கும் ஆகிறது. வசந்தத்தில் பார்த்தால், வெயிலும் காற்றும் பட்ட பக்கம் மட்டும் தீய்ந்து போயிருக்கும்.

சீட்டில் சொல்லாத சேதி

நர்சரிச் செடியில் தொங்கும் சீட்டில் 'ஜோன் 5', 'ஜோன் 6' என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க வேளாண் துறை நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் கணக்கு அது. டென்வர் பகுதி பெரும்பாலும் 5, 6-ல் வரும். ஐந்தாம் மண்டலம் என்றால், ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவில் சராசரியாக மைனஸ் 29 முதல் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை இறங்கலாம் என்று பொருள்.

அந்த எண் சொல்வது அவ்வளவுதான். காற்று எவ்வளவு வறண்டது, மண் எப்படிப்பட்டது, குளிர் படிப்படியாக வருமா, திடுதிப்பென்று வருமா என்பதெல்லாம் அதில் இல்லை. 2014 நவம்பரில் டென்வரில் இதமாக இருந்த வானிலை, இரண்டு மூன்று நாளுக்குள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே விழுந்தது. குளிருக்கு இன்னும் தயாராகாத மரங்களும் புதர்களும் ஏராளமாகக் கருகின. அவற்றில் பல, சாதாரணமாக அதைவிடக் கடுங்குளிரையும் தாங்கக்கூடியவை.

மண்ணும் ஒரு வில்லன்தான். இந்தப் பகுதியில் பல இடங்களில் காரத்தன்மை கொண்ட களிமண். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும், பல செடிகளால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளாக வெளுத்தால் இதுதான் நோய். அமில மண் கேட்கும் அசேலியாவும் ரோடோடென்ட்ரானும் இங்கே அவதிப்படுவது இதனால்தான். எத்தனை உரம் போட்டாலும் ஒரு தோட்டத்து மண்ணின் குணத்தை அடியோடு மாற்றிவிட முடியாது. மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

எதை வாங்கலாம்?

குறைந்த தண்ணீரில் தோட்டம் போடும் முறைக்கு 'ஜெரிஸ்கேப்' என்ற பெயரைச் சூட்டியதே டென்வர் குடிநீர் வாரியம்தான், 1981-ல். 'ஜெரோஸ்' என்றால் கிரேக்கத்தில் 'வறண்ட' என்று அர்த்தம். இதைச் சிலர் 'ஜீரோஸ்கேப்' என்று காதில் வாங்கி, வெறும் கூழாங்கல்லைக் கொட்டி வைத்துவிடுகிறார்கள். கோடையில் அந்தக் கல் சூடேறி வீட்டையே அனலாக்கும். பூத்துக் குலுங்கும் ஜெரிஸ்கேப்புக்குச் செடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

* லைலாக்: குளிரும் காரமண்ணும் இதற்குப் பிடித்தமானவை. மே மாதத்தில் தெருவே மணக்கும். நல்ல குளிர் பட்டால்தான் பூக்கவே செய்யும்.
* மேற்கத்திய மணல் செர்ரி: வசந்தத்தில் வெள்ளைப் பூ, பிறகு கறுப்புப் பழம், இலையுதிர்காலத்தில் சிவப்பு இலை. 'பானி பியூட்ஸ்' என்ற குட்டை ரகம் தரையோடு படரும்.
* அப்பாச்சி ப்ளூம்: ரோஜாக் குடும்பம். வெள்ளைப் பூ உதிர்ந்ததும், இளஞ்சிவப்பு இறகு போன்ற விதைக்கொத்து செடி முழுக்க மூடிக்கொள்ளும்.
* ஃபெர்ன்புஷ்: கோடை நடுவில் வெள்ளைப் பூங்கொத்து. தேனீக்கள் மொய்க்கும்.
* ரஷ்யன் சேஜ்: வெயில் ஏற ஏற ஊதாப் பூவாகப் பூக்கும். பெயரில்தான் ரஷ்யா, பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து மலைகள்.
* ராபிட்பிரஷ்: மற்றதெல்லாம் ஓயும் செப்டம்பரில் மஞ்சளாகப் பூக்கும். அதிகம் தண்ணீர் ஊற்றினால் சாய்ந்துவிடும்.
* சுருள் இலை மவுன்டன் மஹாகனி: குளிர்காலத்திலும் பச்சை வேண்டும் என்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பிறந்த பதில்.

வறட்சியைத் தாங்கும் என்ற ஒரே தகுதிக்காக எதையும் வாங்கிவிடவும் கூடாது. அழகுக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட டாமரிஸ்க், இன்று மேற்கு மாநிலங்களின் ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்திருக்கிறது. கொலராடோவின் தீங்கு செய்யும் களைப் பட்டியலில் அது இருக்கிறது. ரஷ்யன் ஆலிவும் இருக்கிறது.

எங்கே நடுவது?

நர்சரியில் முழங்கால் உயரம் நிற்கும் லைலாக், வளர்ந்தால் 10 அடியைத் தாண்டும். அதை ஜன்னலுக்குக் கீழே நட்டால், பிறகு ஆயுசுக்கும் கத்தரிக்கோலும் கையுமாக நிற்க வேண்டியதுதான். முழுதாக வளர்ந்தபின் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று சீட்டில் பார்த்து, அந்த இடத்தை இப்போதே விட வேண்டும். தண்ணீர்த் தேவை ஒரே மாதிரி உள்ளவற்றை ஒன்றாக நட வேண்டும். தாகக்காரச் செடியையும் ராபிட்பிரஷையும் பக்கத்தில் வைத்தால், ஒன்று காயும் அல்லது மற்றது அழுகும்.

இன்னொன்றையும் அலட்சியம் செய்ய முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று, டென்வருக்கு வடமேற்கே உள்ள சுப்பீரியர், லூயிஸ்வில் ஊர்களில் காய்ந்த புல்வெளித் தீ சூறைக்காற்றோடு சேர்ந்து பாய்ந்தது. 1,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. இரண்டு உயிர்கள் போயின. குளிர்காலம் என்றால் தீ வராது என்ற நினைப்பை அந்த ஒரே நாள் மாற்றிவிட்டது. ஜூனிப்பர் போன்ற ஊசியிலைப் புதர்களில் எண்ணெய்ப்பசை அதிகம். உள்ளே காய்ந்த சுள்ளியும் சேர்ந்திருக்கும். பொறி விழுந்தால் குப்பென்று பிடிக்கும். சுவரிலிருந்து 5 அடிக்குள் செடி, மரத்தூள் மூடாக்கு எதுவும் வேண்டாம். அங்கே சரளைக்கல் போதும். கல் தேவைப்படுகிற ஒரே இடம் அதுதான்.

நட்ட பிறகு...

குழியை ஆழமாகத் தோண்டுவதைவிட அகலமாகத் தோண்டுவது முக்கியம். வேரோடு வந்த மண்ணைப் போல இரண்டு, மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும். செடியின் அடிப்பகுதி தரைமட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். களிமண்ணில் ஆழமாகப் புதைந்தால் வேர் மூச்சுத் திணறும். சுற்றிலும் மூன்று அங்குலம் மூடாக்கு போடலாம். தண்டில் மட்டும் ஒட்டக்கூடாது.

வறட்சி தாங்கும் செடி என்றாலும், நட்ட முதல் இரண்டு வருடம் அது கைக்குழந்தைதான். வேர் பரவும்வரை தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும், குளிர்காலத்திலும்கூட. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு சொல்லும் வழி எளிது. அக்டோபர் முதல் மார்ச் வரை, தரையில் பனி இல்லாமல், வெப்பம் 4 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாளாகப் பார்த்து, நண்பகலில் ஊற்ற வேண்டும். மூன்றடிக்குக் குறைவான, வேர் பிடித்த செடிக்கு மாதம் ஒருமுறை 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். புதிதாக நட்டதற்கு மாதம் இருமுறை.

ஜனவரியில் வெயில் பளிச்சென்று அடிக்கும் ஒரு மதியம், தோட்டக் குழாயைச் சுருட்டி கராஜில் வைத்தாயிற்றே என்று யோசிக்கத் தேவையில்லை. ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினால் போதும். மே மாதம் செடி தளிர்விட்டுக் கணக்கை நேர் செய்துவிடும்.