வெருட்சிக்கும் மருத்துவம் உண்டு

அச்சம் உயிர்களுக்கு இயற்கை அளித்த காவல். மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அதனை வைத்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினால் அச்சம் பிறக்கும் என வகுத்தார். விலங்கைக் கண்டு அஞ்சுவதை அவர் இழுக்காகக் கூறவில்லை. ஆயினும், சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு பொருளின்மீது எழும் அச்சம், அப்பொருளால் விளையக்கூடிய தீங்கைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிடுகிறது. ஆறு மாதத்திற்கு மேலும் நீங்காமல் நின்று, படிப்பையும் பயணத்தையும் விளையாட்டையும் அது தடுக்குமாயின், அதனை வெருட்சி என்பர். ஃபோபியா என்பதும் இதுவே. நாய், பல்லி, இடி, உயரம், மின்தூக்கி, ஊசி, இரத்தம் என அவரவர்க்கு ஒவ்வொன்று.

வெருட்சி உடைய பிள்ளையை நம் வீடுகளில் எவ்வாறு நடத்துகிறோம்? சில வீடுகளில் ஏளனம் செய்கிறார்கள். “பயந்தாங்கொள்ளி” என்னும் பட்டம் விரைவில் கிடைத்துவிடும். வேறு சில வீடுகளில் பரிவு காட்டுகிறார்கள். தில்லியில் ஒரு குடியிருப்பில் வாழும் சிறுமி நாய்க்கு அஞ்சுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தந்தை அவளைச் சுற்றுவழியில் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்; நாய் வளர்க்கும் தோழியின் பிறந்தநாள் விழாவுக்குச் செல்லவேண்டாம் என்கிறார் தாய். ஏளனத்தின் கொடுமை எல்லார்க்கும் தெரியும். பரிவும் அதே அளவு தீங்கு செய்கிறது என்பதே என் கருத்து. நாயைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் சிறுமிக்கு உடனே நிம்மதி கிடைக்கிறது. ‘தப்பியதனால்தான் பிழைத்தேன்’ என்று அவள் மனம் கற்றுக்கொள்கிறது. அந்த நிம்மதியே அச்சத்திற்கு உணவாகிறது. அடுத்த ஆண்டு, நாய் நிற்கும் தெரு மட்டுமன்றி, நாய் வரக்கூடிய தெருக்களும் அவளுக்கு அடைபட்டுப்போகும்.

அப்படியானால் பிடித்துத் தள்ளிவிடலாமா? நீருக்கு அஞ்சும் பிள்ளையைக் கிணற்றில் எறிந்தால் அச்சம் தெளியும் என்று நம்பிய பெரியவர்கள் நம் ஊர்களிலும் இருந்தனர். அது மருத்துவம் அன்று. அறிந்து, இசைந்து, தானே ஓர் அடி முன்வைப்பதற்கும், எதிர்பாராமல் தள்ளப்படுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இவ்வேறுபாட்டை 1924ஆம் ஆண்டிலேயே காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர். பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட, மூன்று வயதும் நிரம்பாத குழந்தை முயலைக் கண்டால் நடுங்கும். பஞ்சும் மயிர்த்தோல் ஆடையும்கூட அதற்கு அச்சம் தந்தன. அக்குழந்தை விரும்பிய உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளும் உடன் விளையாடினர். இறுதியில் பீட்டர் தன் விரல்களை முயல் மெல்லக் கடிப்பதற்கும் விட்டுக்கொடுத்தான்.

இன்றைய சிகிச்சையும் இவ்வழியைச் சார்ந்ததே. உளவியலாளர் முதலில் அச்சத்தின் படிகளைப் பிள்ளையோடு சேர்ந்து எழுதுவார்: நாயின் படம், காணொலி, சாலையின் மறுபுறம் கட்டப்பட்ட நாய், பத்து அடித் தொலைவில் உரிமையாளர் பிடித்திருக்கும் நாய், பின்னர் தொடுதல். ஒவ்வொரு படியிலும் நெஞ்சம் படபடக்கும். ஓடாமல் நின்றால் அப்படபடப்பு தானே தணியும். தணிவதைப் பிள்ளை தன் உடம்பிலேயே உணரவேண்டும். இதற்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படுவதில்லை. தெருநாயைத் தடவுமாறு எவரும் கற்பிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். வெறிநாய்க்கடி உள்ள நாட்டில் தக்க எச்சரிக்கை அறிவுடைமையே.

ஊசிக்கும் இரத்தத்திற்கும் அஞ்சுவோர் நிலை சற்று வேறு. பிற வெருட்சிகளில் இரத்த அழுத்தம் உயரும். இவர்களுக்கோ முதலில் உயர்ந்து, பின் திடீரென வீழ்வதால் மயக்கம் வருவதுண்டு. ‘நடிக்கிறான்’ என்று கூறுவோர் இதனை அறியவேண்டும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் இவர்களுக்கென ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி, முகத்தில் வெம்மை தோன்றும்வரை இறுக்கி, பின் தளர்த்தவேண்டும்; இதனைப் பலமுறை செய்யவேண்டும். இரத்த அழுத்தம் வீழாமல் இது காக்கிறது. நம் நாட்டில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் தடுப்பூசி போடப்படுகிறது. அந்நாளில் வீட்டில் ஒளிந்துகொள்வதைவிட, முன்னரே பயிற்சி பெற்று, படுத்த நிலையில் ஊசி போடுமாறு ஆசிரியரிடம் கேட்பது மேல்.

வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் மேலும் ஓர் இடர் உண்டு. பிள்ளைக்கு இந்தி வரும். தாய்க்கோ பாட்டிக்கோ வராது. மருத்துவர் கேட்பதைப் பிள்ளையே தாய்க்கு மொழிபெயர்த்து, தன் அச்சத்தைத் தானே பிறர் சொல்போலச் சொல்லும் நிலை வருகிறது. இச்சுமை பிள்ளையின் தோளில் ஏறுதல் கூடாது. 2022ஆம் ஆண்டு நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெற்றோர் முதலில் அங்குத் தம் ஐயங்களைத் தம் மொழியில் கேட்டுத் தெளியட்டும். பின்னர்ப் பள்ளி ஆலோசகரையோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நாடலாம்.

‘நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்?’ என்னும் தயக்கமும் எழும். சிகிச்சை பெறுவோரின் செய்திகளை மறைவாகக் காக்கவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. கண்ணாடி அணிய மருத்துவரிடம் செல்லும் பிள்ளையை எவரும் குறைவாக எண்ணுவதில்லையே! முதல் நாளிலேயே நாயைக் கொண்டுவந்து நிறுத்துவார்களோ என்று பிள்ளை அஞ்சக்கூடும். வழக்கமாக அன்று பேச்சு மட்டுமே நிகழும்: எது எவ்வளவு அச்சம் தருகிறது, எப்போது தொடங்கியது, எந்தப் படியிலிருந்து தொடங்க விருப்பம் என்று கேட்பார்கள்.