திரும்பி வரும் ஏவூர்திக்கு எண்ணூரில் ஒரு துறை

2014 டிசம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எல்.வி.எம்.3 சோதனை ஏவூர்தி, ஆளில்லாக் கலம் ஒன்றைச் சுமந்து சென்றது. அக்கலம் அந்தமான் தீவுகளை அடுத்த வங்கக் கடலில் இறங்கிற்று. கடலோரக் காவல் படையின் ‘சமுத்ர பஹரேதார்’ அதனை மீட்டு எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் சேர்த்தது. 2023 அக்டோபர் 21 அன்று நடந்த ககன்யான் சோதனையில் கடலில் இறங்கிய கலத்தையும் கடற்படை சென்னைத் துறைமுகத்திற்கே கொணர்ந்தது. விண்ணிலிருந்து இறங்கியவற்றைக் கரை சேர்க்கும் பணியை வடசென்னை முன்னரே அறியும். ஆனால் அடுத்து வரவிருக்கும் பணி மிகப் பெரியது.

முப்பது டன் வரையிலான சுமையைத் தாழ்புவி வட்டப்பாதைக்கு ஏற்றவல்ல அடுத்த தலைமுறை ஏவூர்திக்கு, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒப்பளித்தது. அதன் முதல் அடுக்கு மீண்டும் மீண்டும் பயன்படத்தக்கது. அவ்வூர்தி புறப்படுவதற்கென ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாம் ஏவுதளம் அமைக்க 2025 சனவரியில் 3,985 கோடி ரூபாய்க்கு இசைவு கிடைத்தது. புறப்படும் மேடைக்குக் காட்டிய அக்கறையை, இறங்கும் மேடைக்கும் அது வந்து நிற்கும் துறைக்கும் காட்ட வேண்டிய காலம் இது.

சுமை குறைந்த பயணங்களில் முதல் அடுக்கைப் புறப்பட்ட கரைக்கே திருப்பி இறக்கலாம். சுமை மிகும்போது அது கைகூடாது. மணிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே பாய்ந்துகொண்டிருக்கும் அடுக்கைத் திசைதிருப்ப எரிபொருள் பெருமளவு வேண்டும். அதற்கெனச் சேமிக்கும் எரிபொருள் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். எனவே அது இயல்பாக வந்து விழும் இடத்தில், கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில், ஒரு மிதவைக் கப்பலை நிறுத்துகின்றனர். 2016 ஏப்ரல் 8 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இதனை முதன்முதலாகச் செய்து காட்டியது. 2025 நவம்பரில் புளூ ஆரிஜின் நிறுவனமும் வென்றது. இறங்கும் நேரத்தில் அக்கப்பலில் ஆள் எவரும் இருப்பதில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டலில் உந்துவிசிறிகள் அதனைக் குறித்த இடத்திலேயே நிறுத்துகின்றன.

இறங்கியதும் வேலை முடிவதில்லை. 2019 ஏப்ரலில், மேடையில் செம்மையாக இறங்கி நின்ற ஃபால்கன் ஹெவியின் நடு அடுக்கு, கரைக்கு வரும் வழியில் பேரலைகளால் சாய்ந்து வீழ்ந்தது. அட்லாண்டிக்கில் நேர்ந்த இவ்விழப்பை வங்கக் கடலில் புயல் மாதங்களில் பணியாற்றப் போகிறவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். கடல் அலைகளை மிதவைகள் கொண்டு அளந்துவரும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில்தான் உள்ளது. வரைவு நிலையிலேயே அதனைப் பங்காளியாகச் சேர்த்தல் வேண்டும்.

இத்தகைய மேடையைக் கட்டும் ஆற்றல் நம் கரையில் உண்டு. எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளியிலுள்ள எல் அண்டு டி கப்பல் கட்டும் தளம், 185 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட மிதக்கும் உலர்துறையைக் கடற்படைக்காகக் கட்டி 2017இல் நீரில் இறக்கியது. 8,000 டன் எடையுள்ள கப்பலைத் தாங்கித் தூக்கவல்லது அது. அடுத்த தலைமுறை ஏவூர்திக்கென இஸ்ரோ உருவாக்கிவரும் புதிய எஞ்சினுக்கு நீர்ம மீத்தேன் எரிபொருளாகும். அதனையே முதன்மைக் கூறாகக் கொண்ட நீர்ம இயற்கை எரிவாயுவைக் கையாளும் முனையம் 2019 முதல் எண்ணூரில் இயங்குகிறது. இவ்வளவும் அமைந்திருக்க, வேறு துறைமுகத்தைத் தேடிச் செல்வது அறிவுடைமை ஆகாது.

ஆயினும் இவ்வூர் மக்களிடம் இன்னொரு திட்டத்தை எடுத்துச் செல்வோர் முதலில் அவர்களுடைய நினைவுகளுக்கு மதிப்பளிக்க வேண்டும். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அதனை வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26 அன்று நள்ளிரவில், உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா பெரியகுப்பத்து மக்களை மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவரச் செய்தது. கொற்றலை ஆற்றின் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள், அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து நீர்ப்பரப்பு சுருங்குவதைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகின்றன. நாட்டுக்கு மின்சாரமும் எண்ணெயும் உரமும் தந்த கரை இது. அதற்கு ஈடாகத் தான் பெற்றதை அக்கரை மறக்கவில்லை.

ஏவூர்தி மேலெழும் நாள்களில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்லக் கூடாதென இன்றும் தடுக்கப்படுகின்றனர். இனி முதல் அடுக்கு இறங்கும் ஆழ்கடற் பரப்பிலும் விலக்கு எல்லை வரையப்படும். காசிமேட்டு விசைப்படகுகளோ பல நாள் தங்கு தொழிலுக்கு ஆழ்கடல் செல்பவை. ஆண்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவை கரையில் கிடக்கின்றன. எஞ்சிய நாள்களும் அறிவிப்பின்றிக் குறைந்தால் அந்நாள்களின் கூலியை யார் ஈடுசெய்வது? ஒவ்வோர் ஏவுதலுக்கும் இழப்பீட்டை முன்கூட்டியே வரையறுத்து, ஏவுதல் தள்ளிப்போகும் நாள்களுக்கும் அதனை வழங்குவதே முறையாகும்.

வேலை பற்றியும் தெளிவு வேண்டும். மேடைக் கப்பலை இழுத்துச் செல்லவும், இறங்கிய அடுக்கில் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றவும், அதனைப் பிணைத்துப் பழுதுபார்க்கவும் பயிற்சி பெற்ற கைகள் தேவைப்படும். இராயபுரம், திருவொற்றியூர் இளைஞர்களுக்கு வாயிற்காவலும் சுமைதூக்கலும் மட்டுமே எஞ்சுமாயின், இத்திட்டத்தை அவர்கள் வரவேற்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. வடசென்னை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கப்பல் பற்றவைப்பும் மீக்குளிர் நீர்மங்களைக் கையாளும் பயிற்சியும் கொண்ட பாடப்பிரிவைத் தமிழக அரசு இப்போதே தொடங்கலாம். ஏவூர்தி ஆயத்தமாவதற்குள் முதல் மாணவர்கள் தேர்ந்து வெளிவந்துவிடலாம்.

காமராசர் துறைமுக நிருவாகமும் இஸ்ரோவும் மாநில மீன்வளத் துறையும் ஒன்றாக அமர்ந்து, எந்தக் கடற்பரப்பு, எந்த மாதங்கள், எந்தத் துறைமேடை என்பவற்றைத் தமிழில் எழுதி வெளியிடட்டும். கப்பலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பாக, எண்ணூர்க் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தாரை அழைத்து அவ்வரைவின் மீது அவர்கள் சொல்லும் திருத்தங்களைப் பதிவு செய்யட்டும்.