விசேஷம் ஒன்றுமில்லை!

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் சாதம் விழுவதற்கு முன்பே கையை நீட்டி, "கொஞ்சமா... போதும், போதும்!" என்றேன். பாயசத்துக்கும் அதே கை. பக்கத்து இலைப் பெரியம்மாவின் கண்கள் விரிந்தன.

"என்னடி, சோறு பிடிக்கலையா? எத்தனை மாசம்?"

எதிர்வரிசையே நிமிர்ந்து பார்த்தது. 'மசக்கை இல்லை பெரியம்மா, மசக்கை வரணும்னுதான் இந்தப் பத்தியம்' என்று நாதஸ்வர சத்தத்துக்கு நடுவே எப்படிச் சொல்ல?

விஷயம் இதுதான். எனக்கு பி.சி.ஓ.எஸ். சினைப்பையில் நீர்க்கட்டி என்பார்களே, அது. பெயர்தான் கட்டி, உண்மையில் முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். என் உடம்பு இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இன்சுலின் ஏறினால் சினைப்பையில் ஆண் ஹார்மோனும் ஏறும். முட்டை வெளிவருவது தடைப்படும். எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைந்தாலே பலருக்கு மாதக்கணக்கு சீராகுமாம். "மாவுச்சத்தை அடியோட நிறுத்தாதீங்க. குறைங்க, போதும்" என்று சொல்லி, ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

பி.காம். படித்தவளாயிற்றே! உடனே பேரேடு போட்டேன். ஒரு கப் சாதம், மாவுச்சத்து சுமார் 45 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 4. ஒரு முட்டை, 1 கூடத் தேறாது. பகலெல்லாம் கணக்கு அழகாக டாலி ஆகும். சாயங்காலம் நாலு மணிக்கு எதிர்வீட்டு பஜ்ஜி வாசனை வரும். கம்பெனி திவால்!

அப்புறம்தான் பிடிபட்டது. காலையை காபி, பிஸ்கட்டோடு ஓட்டுகிற நாளில்தான் நாலு மணிப் பேய் பிடிக்கிறது. இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ உள்ளே போன நாளில் பேய் வாசலோடு திரும்பிவிடுகிறது.

ஆனால், எந்தச் சுண்டலுக்கும் அடங்காத ஒரு நாள் உண்டு. மாதா மாதம், 'இந்தத் தடவையும் இல்லை' என்று தெரிகிற நாள். போன மாதம் அன்றைக்கு ஜாங்கிரி டப்பாவோடு சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "இதை என் கணக்குல எழுதிக்கோ" என்றார். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை.

பெரியம்மா பதிலுக்குக் காத்திருந்தார்.

"விசேஷம் ஒண்ணுமில்லை பெரியம்மா. இருந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த இலைக்கு இன்னொரு கரண்டி அவியல் போடு!"