சால்வையோடு முடிந்துவிட்ட விழா

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன ஞாயிறு திருச்சியில் ஒரு சிறிய மண்டபத்தில் இளையராஜா பாட்டு ரசிகர்கள் எண்பது பேர் போல் கூடினார்கள். எல்லாரும் பல வருஷமாகக் கைபேசியிலேயே பழகியவர்கள். பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்தது அன்றுதான். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே! அந்தக் குழுவைத் தொடங்கியவருக்கு அன்று பாராட்டு விழா. அவன் என் பழைய மாணவன், அதனால் என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். "பேரைப் போட்டுடாதீங்க ஐயா" என்றான், போடவில்லை. 1988-இல் ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் தாளம் போட்டு என்னிடம் அடி வாங்கியவன் என்றால், கூடப் படித்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

இவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு பாட்டு போடுவான். கீழே படம், ஆண்டு, எழுதியவர், பாடியவர் எல்லாம் சரியாக இருக்கும். இது லேசான வேலை இல்லை. நம் ஆட்களுக்குப் பழைய பாட்டு என்றாலே கண்ணதாசன்தான். 1976-இல் வந்த 'அன்னக்கிளி' பாட்டையும் அவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். எழுதியவர் பஞ்சு அருணாசலம். கண்ணதாசனுடைய அண்ணன் மகன். 'தளபதி' பாட்டை வைரமுத்து என்பார் ஒருவர். ராஜாவும் வைரமுத்துவும் 1986-உடன் பிரிந்துவிட்டார்கள், 1991-இல் வந்த 'தளபதி'க்கு முழுக்க வாலி என்று இவன் பொறுமையாகச் சொல்வான். ஜென்சி பாடியதை ஜானகி என்றும், மலேசியா வாசுதேவன் பாடியதை எஸ்.பி.பி. என்றும் ஏற்றி வைத்திருப்பதையெல்லாம் பழைய பாட்டுப் புத்தகத்தையும் இசைத்தட்டு உறையையும் பார்த்துத் திருத்துவான். யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. பாடியவருக்கும் எழுதியவருக்கும் உரிய பெயர் போய்ச் சேரவேண்டும் என்ற ஒரு பிடிவாதம்.

பஞ்சாயத்து வேறு. 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ்.வி., இளையராஜா இரண்டு பேரும் இசை. அதில் யார் பங்கு எவ்வளவு என்று இரண்டு ரிட்டயர்டு அதிகாரிகள் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்களாம். இரண்டு பேரையும் அன்று பக்கத்துப் பக்கத்து இலையில் பொங்கல் சாப்பிட வைத்துவிட்டான்.

2020 செப்டம்பர் 25-ஆம் தேதி எஸ்.பி.பி. போனார். அந்தச் சமயம் கொரோனாவில் எல்லாரும் வீட்டுக்குள். குழுவில் மனைவியை இழந்து தனியாக இருந்த ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்ததையும், இவன் விடியும்வரை அவரோடு போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்ததையும் அவரே மேடையில் சொன்னார். மண்டபத்தில் சத்தமே இல்லை.

அதன் பிறகுதான் எனக்கு மனசு கோணியது.

சால்வை, சந்தன மாலை, கேடயம் எல்லாம் முடிந்து ஏற்புரை. இவன் மைக்கைப் பிடித்து, "பதினோரு வருஷம் ஆச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்லை. வீட்டிலயும் சங்கடப்படுறாங்க. இனிமே யாராச்சும் பார்த்துக்குங்க" என்றான். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள்! தன்னடக்கமாம். அடுத்து ஒருவர் எழுந்து, "இன்னும் ஐம்பது வருஷம் நீங்கதான்" என்றார். மறுபடியும் கைதட்டல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் எப்படி இருப்பானோ அப்படியே இருந்தான்.

ஒருவரைப் புகழ்ந்தே வேலை வாங்குவதில் நாம் கெட்டிக்காரர்கள். பள்ளிக்கூடத்திலும் பார்த்திருக்கிறேன். ஆண்டுவிழா நடத்துகிற ஆசிரியருக்கு வருஷா வருஷம் நன்றி சொல்வோம், நாற்காலி அடுக்க ஒருத்தரும் வரமாட்டோம். அந்த ஒருத்தரில் நானும் உண்டு.

இதைப் பார்த்ததும் எனக்கு இங்கிலாந்து ஃப்ரீடா கெல்லி நினைவு வந்தது. பீட்டில்ஸ் என்ற பாட்டுக் குழு உங்களுக்குத் தெரியும். லிவர்பூலில் அவர்கள் ரசிகர் மன்றத்தை முதலில் வேறொரு பெண் தொடங்கினார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு ஃப்ரீடா தலையில் விழுந்தது. 1962-இல் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் அவரை வேலைக்கு எடுத்தபோது வயது பதினேழு. விவரம் தெரியாமல் மன்றத்துக்குத் தன் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டார். வந்து குவிந்த கடிதத்தில் அப்பா தன் பில்லைத் தேடிக்கொண்டிருந்தாராம். ஒரு ரசிகை தலையணை உறை அனுப்பி, ரிங்கோ அதில் ஒரு ராத்திரி தலை வைத்துப் படுத்துத் திருப்பி அனுப்பவேண்டும் என்று கேட்டாள். ஃப்ரீடா அதை ரிங்கோவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து அப்படியே செய்ய வைத்தார். பீட்டில்ஸ் தலைமுடி கேட்டவர்களுக்கு வேறு யார் முடியையோ வைத்து அனுப்பிய உதவியாளரை வேலையை விட்டே நிறுத்தினார். 1972-இல் மன்றத்தை மூடிய பிறகும் மிச்சக் கடிதங்களுக்குப் பதில் எழுதித் தீர்த்தார். பிறகு சாதாரண செக்ரட்டரி வேலை. நாற்பது வருஷம் வாயே திறக்கவில்லை. தன் பேரனாவது தெரிந்துகொள்ளட்டும் என்று 2013-இல் ஓர் ஆவணப்படத்தில் பேசினார். அதன் பிறகு ரசிகர் விழாக்களில் அவரை மேடையேற்றிக் கொண்டாடினார்கள்.

ஃப்ரீடாவுக்காவது அது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. இவன் பகலெல்லாம் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு ராத்திரி இதைப் பார்க்கிறான்.

அவன் பக்கமும் தப்பு இருக்கிறது, ஆசிரியன் என்பதால் சொல்கிறேன். பதினோரு வருஷத்தில் யார் கையிலும் எதையும் கொடுத்துப் பழகவில்லை. கொடுத்தால் தப்பாகப் போடுவார்கள் என்ற பயம். போடட்டுமே. தப்பு விடாமல் யார் கற்றுக்கொண்டார்கள்?

தலைமையுரையில் இதைத்தான் சொன்னேன். வாரத்தில் ஏழு நாள், எண்பது பேர் இருக்கிறீர்கள், ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். சபை கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தது. கடைசியில் புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அம்மா கை தூக்கினார், புதன்கிழமை அவருக்கு. கரூர் தம்பி ஒருவர் வெள்ளி. சொன்ன வாய்க்கு நான் ஞாயிறு. மற்ற நாலு நாளுக்கு இன்னும் ஆள் இல்லை.

உங்களில் பாட்டுப் பைத்தியங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முன்வருகிறவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்தில் தியேட்டரில் வாங்கிய பாட்டுப் புத்தகம் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை என் முதல் முறை. ஐந்தரைக்கு எழுந்து பாட்டு போட்டேன். படம் வந்த ஆண்டைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். ஐந்து முப்பத்தேழுக்கு அவனிடமிருந்து போன். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க..." என்று ஆரம்பித்தான். போய்த் தூங்குடா என்றேன்.