மேடையில் உயிர்நீத்த பாடகர்

தூத்துக்குடித் துறைமுகத்தைக் காண்போர்க்கு முதற்கண் நினைவுக்கு வருபவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களே. 1906-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனியையும், 1908-இல் அவர் சிறைப்பட்டதையும் நம் சிறுவரும் அறிவர். துறைமுகமும் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. இது முற்றிலும் தகுவதே. ஆயினும், அவர் மூட்டிய கனலைச் சிற்றூர்தோறும் பாட்டால் வளர்த்த நாடகக் கலைஞரை நாம் அவ்வாறு போற்றுகின்றோமா? இல்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

அவருள் தலைசிறந்தவர் விசுவநாத தாஸ். 1886-இல் சிவகாசியில் மருத்துவர் குலத்திற் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர். அவர் முருகனாக நடித்துப் புகழ்பெற்றது 'வள்ளி திருமணம்' நாடகத்தில். அந்நாடகத்தை யாத்த சங்கரதாஸ் சுவாமிகளோ, 1867-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தவர். ஆதலின் தாஸின் புகழில் நம் சீமைக்கும் பங்குண்டு.

அக்காலத்து நாடகக் கொட்டகைகளில் பெரும்பாலும் ஒலிபெருக்கி இல்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையாக, கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் எட்டுமாறு இரவெல்லாம் பாடவேண்டும். பத்திரிகை படிக்க அறியாத உழவர்க்கும் தொழிலாளர்க்கும் அப்பாட்டே பத்திரிகையாயிற்று. தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றித் தாஸ் பாடுவார். அக்கொக்கு யாதென்பது சபையோர்க்கு விளங்கும், போலீசாருக்கும் விளங்கும். பன்முறை சிறை புகுந்தார். வெளிவந்ததும் மீண்டும் பாடினார். 1940 டிசம்பர் 31-ஆம் நாள், சென்னையில் முருக வேடம் பூண்டு மயில்மீது அமர்ந்து பாடுகையிலேயே அவர் ஆவி பிரிந்தது.

அரசியல் கலந்தால் கலை கெடும் என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். தம் பிழைப்பையும் உடலையும் பணயம் வைத்துப் பாடியவன் பாட்டில் பொய்ம்மைக்கு இடமேது? உண்மையில் அவரை நாம் மறந்ததற்குக் காரணம் கலையன்று, சாதியும் தொழிலுமே. அவர் குலத்தைக் கருதி உடன் நடிக்க மறுத்தோர் அன்றும் இருந்தனர். சபாவில் பாடினால் வித்துவான், கொட்டகையில் பாடினால் கூத்தாடி என்னும் பேதம் கற்றோரிடையே இன்னும் அகலவில்லை.

ஆகவே நம் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவில் அயல்நாட்டு நாடகங்களை ஆடுகின்றோம், நன்றே. ஓராண்டு 'வள்ளி திருமண'த்தையும் மேடையேற்றுவோமாக. அதன் மெட்டுக்களை அறிந்த முதிய கலைஞர் நம் ஜில்லாவில் இன்னும் இருக்கின்றனர். அவரைக் கல்லூரிக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய ஆசனத்தில் அமர்த்தி, அவரிடம் பாடம் கேட்போமாக. காலம் தாழ்த்தின், கேட்பதற்கு ஆளிரார்.