துரைமாரின் நாய்கள்

இங்கிலாந்தில் நாய்களை ஏவி நரி வேட்டையாடுவது 2005 பெப்ரவரி 18 இலிருந்து சட்டப்படி குற்றம். இதை நம்புகிறவர்கள் நத்தாருக்கு மறுநாள் ஏதாவதொரு நாட்டுப்புறச் சிறுநகரத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சிவப்புக் கோட்டுப் போட்ட கனவான்கள் குதிரையில் வருவார்கள். கொம்பு ஊதுவார்கள். காலடியில் ஒரு பட்டாளம் நாய் நிற்கும். கேட்டால், 'நாங்கள் நரியைத் துரத்தவில்லை, முன்கூட்டியே போட்டுவைத்த வாசனைத் தடத்தைத்தான் துரத்துகிறோம்' என்பார்கள். வழியில் நாய்கள் உண்மையான நரியொன்றைக் கிழித்துவிட்டால் அது விபத்தாம்!

2004 இன் வேட்டைச் சட்டம் மிகக் கடுமையானது என்று இருபது வருடமாக அழுகிறார்கள். நான் சொல்கிறேன், அது ஓட்டை வைத்தே தைத்த சட்டம். இரண்டு நாய்களை விட்டு நரியைக் கிளப்பிச் சுடலாம். கையில் வேட்டைப் பறவை இருந்தால் எத்தனை நாயையும் விடலாம். சட்டம் வந்ததும் சில குழுக்கள் கழுகையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. பிடிபட்டாலும் அபராதம்தான், சிறை கிடையாது. இப்படி ஒரு சட்டத்தை எங்களைப் போன்றவர்களுக்கு எந்த அரசாங்கமாவது எழுதியிருக்கிறதா? விசாத் தாளில் ஒரு திகதி பிசகினால் 'விபத்து' என்று சொல்லித் தப்ப முடியுமா?

மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை தடையை நிறைவேற்றியபோது பிரபுக்கள் சபை மறுத்தது. கடைசியில் 1911, 1949 ஆம் ஆண்டுகளின் பாராளுமன்றச் சட்டங்களைப் பயன்படுத்தித்தான் பிரபுக்களைத் தாண்ட வேண்டியிருந்தது. 2004 செப்ரெம்பர் 15 அன்று வேட்டை ஆதரவாளர்கள் ஐந்து பேர் விவாதம் நடந்துகொண்டிருந்த சபைக்குள்ளேயே பாய்ந்தார்கள். நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளென்று கண்டு, நிபந்தனையுடன் வீட்டுக்கு அனுப்பியது. அதே பாராளுமன்றச் சதுக்கத்தில் 2009 இல் நாங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றோம். எங்களில் ஐந்து பேர் உள்ளே பாய்ந்திருந்தால் பேப்பர்கள் என்ன தலைப்புப் போட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

'இது பணக்காரர்மீதான வர்க்கப் போர்' என்பது அவர்களுடைய அடுத்த புலம்பல். போரைத் தொடங்கியது யார்? 1671 இல் நிலமுள்ளவனுக்கு மட்டுமே வேட்டை உரிமை என்று சட்டம் போட்டவர்கள் இவர்களுடைய பாட்டன்மார். 1723 இல் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் பிடிக்கப் போன ஏழைக்குத் தூக்குத் தண்டனை எழுதியதும் அவர்கள்தான். அன்றைக்குக் 'கிராமத்தானின் சுதந்திரம்' எங்கே போனது?

எங்கள் நாட்டுக்கும் இந்தப் பொழுதுபோக்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். சாமுவேல் பேக்கர் என்ற துரை 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, கூட்டமாக நாய்களை வைத்து மரை வேட்டையாடினார். அதைப் பெருமையாகப் புத்தகமும் எழுதினார். ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் அருவிக்கு இன்னும் அவர் பெயர்தான். மேஜர் ரோஜர்ஸ் என்ற இன்னொருவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் இடி விழுந்து செத்தார். அதே காலத்தில்தான் மலையக மக்களின் மூதாதையர் மன்னாரிலிருந்து காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து, வழிநெடுகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரில் அருவி இல்லை.

வேலை போய்விடும் என்றார்கள். 2000 இல் வந்த பேர்ன்ஸ் பிரபுவின் விசாரணை அறிக்கை, வேட்டையை நம்பி 6,000 முதல் 8,000 வரையான முழுநேர வேலைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த அறிக்கையே வேட்டை நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்றும் சொன்னது. 1984 இல் சுரங்கங்களில் 20,000 வேலைகளை வெட்டப்போவதாக அறிவித்தபோது இந்தக் குதிரைக்காரர்கள் ஊர்வலம் போனதாக நான் எங்கும் படிக்கவில்லை.

இனி எங்கட ஆக்கள். குசினியில் கூட நிற்கும் தம்பி கேட்கிறான், 'வன்னியில நாயோட உடும்புக்கும் பன்றிக்கும் போகேல்லையோ அண்ணை?' போனார்கள்தான். கடிபடும் பன்றிக்கு இரண்டும் ஒரே வேதனை, மறுக்கவில்லை. ஆனால் வன்னியான் கறிச்சட்டிக்காகப் போனான். நரியை இங்கே யார் சமைத்தார்கள்? பசிக்கு ஒரு நியாயம் உண்டு. சாவைப் பார்த்து ரசிப்பதற்கு என்ன நியாயம்?

வேறு சிலர், 'ஜல்லிக்கட்டு எங்கட பண்பாடென்றால் இது அவங்கட பண்பாடு' என்கிறார்கள். ஜல்லிக்கட்டைப் பற்றித் தனியாகச் சண்டை பிடிப்போம். ஆனால் 'பண்பாடு' என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு வாயடைக்க வேண்டாம். சாதியும் சீதனமும் அந்தச் சொல்லின் கீழேதான் இத்தனை காலமும் ஒளிந்திருந்தன.

நரியை அகதியாக்கி உருக நான் வரவில்லை. நரி நரிதான். எனக்குப் பிரச்சினை, குதிரையில் இருப்பவனுக்கு ஒரு சட்டம், கோப்பை கழுவுகிறவனுக்கு இன்னொரு சட்டம் என்பதுதான். வாசனைத் தட வேட்டையையும் தடைசெய்வதாக 2024 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி வாக்குக் கொடுத்தது. அந்தச் சட்டத்திலும் பிரபுக்கள் ஓட்டை தேடுவார்கள். மே மாதத்தில் மட்டும் எம்.பி.யைத் தேடிப் போகிற நாங்கள், இதற்கும் ஒருக்கால் அவருக்குக் கடிதம் எழுதலாம். வாக்குரிமை இருக்கிறவர்கள் எழுதுங்கள்.